குதிரைகளுக்குக் கவுன் மாட்டியவள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வரும். எனக்கு மட்டும் வராது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் தலைக்கனம். (மீன்கூடை சுமந்த அம்மாவின் தலையில்கூட அவ்வளவு கனம் இருந்ததில்லை.)

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா வாடிக்கையாக மீன் கொடுக்கும் வீடு முசியே அந்துவானுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் தமிழர். ஞாயிறுதோறும் அவரும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் பெரிய மேசையில் நெப்போலியன் காலத்து ஈயப் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் புரிவார்கள். பகடையை உருட்டினால் பொம்மை சாகும்.

அந்தச் சிநேகிதர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அவர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. முசியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு நாள் மீன் கொடுக்கப் போனபோது அவரே கேட்டார்:

"புதுசா குதிரைப்படை வந்திருக்கும்மா. எனக்குக் கை நடுங்குது. நீ சாயம் பூசித் தர்றியா? எப்படின்னு தமிழ்ல சொல்றேன்."

"பிரெஞ்சிலயே சொல்லுங்க முசியே, எனக்குத் தெரியும்."

மனிதர் மகிழ்ந்துபோய் மளமளவென்று பொழிந்தார். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: குதிரைகளுக்கு 'ரோப் கிரீஸ்'. கிரீஸ் என்றால் சாம்பல் நிறம். ரோப் என்றால் கவுன். பாடப்புத்தகத்தில் படமே இருந்தது.

குதிரைக்குக் கவுனா? லேசாக இடித்தது. ஆனால் கல்யாண ஊர்வலத்தில் நாமே குதிரைக்கு ஜரிகைத் துணி போர்த்துகிறோம். வெள்ளைக்காரன் கவுன் மாட்டினால் என்ன? பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாம்பல் சாயத்தில் கவுன் வரைந்தேன்: கழுத்தில் லேஸ், முன்னால் முத்துப் பொத்தான், குளம்புவரை அடுக்கடுக்காகச் சுருக்கம். குதிரைக்கு இடுப்பு எது என்று கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடி, குதுர மாதா கோயில் பூசைக்குப் போவுதா?"

"ஒனக்கு பிரெஞ்சு தெரியாது, சும்மா இருப்பா."

ஞாயிற்றுக்கிழமை என் படையை மேசையில் அணிவகுத்து நிறுத்தினேன். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"அந்துவான், ஒன் பட்டாளம் சண்டைக்கு வந்திருக்கா, டான்ஸாட வந்திருக்கா?"

முசியேவின் மீசை துடித்தது. "யாரும்மா கவுன் போடச் சொன்னது?"

"நீங்கதானே ரோப்னு சொன்னீங்க!"

தலைமையாசிரியர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடி, எதிரிப் படை பாதி விழுந்தது. "மத்மோசெல், குதிரைக்கு ரோப்னா அதோட ஒடம்பு நெறம். சாம்பல் குதிரைன்னு சொல்லியிருக்காரு."

பகடை உருட்டாமலே என் பிரெஞ்சு வேலை அங்கே செத்தது. தலைமையாசிரியர் ஒரு குதிரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுருக்கமெல்லாம் ரொம்ப நேர்த்தியா இருக்கே. எங்க பள்ளியில தையல் டீச்சர் வேலையும் காலியா இருக்கு. தைக்கத் தெரியுமா?"

"ஓ, தெரியுமே!" என்றேன். (ஊசியில் நூல் கோக்கவே அன்றுவரை தெரியாது. அன்று சாயங்காலமே அடுத்த தெருத் தையற்கார அக்கா காலில் விழுந்தது தனிக்கதை.)

இப்போது நான் தையல் டீச்சர். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்விட்டது. அப்பாவுக்கும் ஒரு பிரெஞ்சு வார்த்தை தெரிந்துவிட்டது. காலையில் நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுக்கிறார்:

"ரோப் போட்டாச்சி, குதுர கெளம்புது, வழி வுடுங்கப்பா!"