முள்ளம்பன்றி வளைக்கு வைஃபை வந்த கதை

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்குத் திடீரென்று நவீன புத்தி வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், யார் போய் என்ன கேட்க முடியும்? அரண்மனை வாசலில் மிருகங்கள் மனுவோடு வரிசையில் நிற்பது அவர் கண்ணுக்கு அநாகரிகமாகப் பட்டதாம். மனு வாங்குகிற கரடியை வீட்டுக்கு அனுப்பினார், கவுன்ட்டரை இழுத்து மூடினார், நரியை விட்டுத் தண்டோரா போடச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குள் அவரவர் வளையை அவரவரே இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாத வளை அரண்மனைக்குச் சொந்தம்.

கேட்டதும் முள்ளம்பன்றி வேம்பு தன் வளையை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். அவள் இருப்பது ஏழு அறை வளை. மூன்று மழைக்காலம் நகம் தேயத் தேய அவள் தோண்டியது. புருஷன் மாயாண்டி மண்ணை வெளியே தள்ளிவிட்டதோடு சரி, ஆனால் பட்டா அவன் பேரில் இருந்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், எல்லாக் காட்டிலும் அப்படித்தான்.

வளையில் ஒரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. புதுமனை புகுவிழாவுக்கு வந்த சாமான். மாயாண்டியின் தங்கை பவளக்கொடி அதற்கென்றே தன் கையால் ஒரு உறை தைத்துக் கொடுத்திருந்தாள். சிவப்புத் துணி, உள்ளே பஞ்சு, ஓரமெல்லாம் சுருக்கு, நடுவில் ஜோடிக் கிளி. திரைக்கு மட்டும் ஒரு ஜன்னல் வெட்டி, மற்றபடி கம்ப்யூட்டரை இண்டு இடுக்கு விடாமல் மூடியிருந்தாள். மிக்சிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, ரிமோட்டுக்கு உறை என்று வாழ்கிற ஜனம், கம்ப்யூட்டரை மட்டும் அம்மணமாக விடுமா? விருந்தாளி வந்தால் பத்து நிமிஷம் அதைப் போட்டு, கல்யாண ஃபோட்டோவைக் காட்டிவிட்டு அணைத்துவிடுவார்கள். அதனால் அதுவரை ஒரு தொந்தரவும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை குரங்கு தணிகாசலம் நெட் மாட்ட வந்தான். காட்டில் அவன் ஒருவனுக்குத்தான் அந்த வேலை தெரியும். அதாவது, தெரியும் என்று அவன் சொன்னான். ஏழு அறைக்கும் ஒயர் இழுத்தான், ரேகை வைக்கிற கருவியைப் பொருத்தினான், வைஃபை பெட்டியைத் தூக்கிக் கம்ப்யூட்டர் உறையின் மேலேயே வைத்தான். அதுதான் வளைக்கு நடு சென்டராம். பச்சை விளக்கு எரிந்தது. வேம்பு சாமியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

படிவம் பதினாலு பக்கம். வளைக்கு எத்தனை வாசல், மனுதாரர் பகல் விலங்கா இரவு விலங்கா, வால் உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன என்று கேட்டுக்கொண்டே போனது. வேம்பு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிப் பதினோராம் பக்கத்துக்கு வந்தபோது திரை நீலமாகி, கம்ப்யூட்டர் அப்படியே அணைந்தது. திரும்பப் போட்டால் படிவம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. அன்றைக்கு இப்படி நாலு தடவை.

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் வந்து பார்த்து உச்சுக்கொட்டினான். "அக்கா, நீங்க குறுக்க நெடுக்க நடக்கறப்ப முள்ளு ஒயரைக் குத்தியிருக்கு."

எல்லா ஒயரையும் பிடுங்கிக் கூரையோரமாக இழுத்துக் கட்டினான். வேம்பு முள்ளையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு, சொந்த வளையில் பக்கவாட்டில் நடந்தாள். கம்ப்யூட்டர் பன்னிரண்டாம் பக்கத்தில் அணைந்தது.

புதன்கிழமை நெட் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். எடுத்தது ஒரு ஆமை. அது வணக்கம் சொல்லி முடிக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. "எங்கள் லைன் சுத்தமாக இருக்கிறது, கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில்தான்" என்றது. தணிகாசலம் போனை வாங்கி, "கம்ப்யூட்டர் சுத்தமா இருக்கு, கோளாறு உங்க லைன்லதான்" என்றான். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் வாதாடி, கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். வேம்பு அதை முப்பத்தோராவது முறையாகச் செய்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு வெறுத்துப்போய்விட்டது. இவர்களை நம்பினால் வளை போய்விடும் என்று தோன்றியது. நெட் ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, வெறும் கல்யாண ஃபோட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தாள். இருபதாவது நிமிஷம் கம்ப்யூட்டர் அணைந்தது. நெட்டே இல்லாமலும் அணைகிறது என்றால் நெட்டின் மேல் குற்றமில்லை. உறையின் மேல் கையை வைத்தாள், தோசைக்கல் மாதிரி சுட்டது. பின்பக்கம் உறையைத் தூக்கி விட்டுவிட்டு மறுபடி போட்டாள். ஒரு மணி நேரம் முனகாமல் ஓடியது. வேம்புவுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. நேரே புருஷனிடம் போனாள்.

"என்னங்க, அந்த உறையை எடுத்துட்டா நல்லா ஓடுதுங்க."

மாயாண்டிக்கு முதுகு முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்து நின்றது. "என் தங்கச்சி தச்சதுல கோளாறுங்கிறியா?"

"தையல்ல ஒரு கோளாறும் இல்லீங்க. உள்ள காத்து போக வழியில்ல, அவ்வளவுதான்."

"இத்தனை நாளா அதே உறையைப் போட்டுத்தான இருந்துச்சு?"

"பத்து நிமிஷம் ஃபோட்டோ காட்டுனோம். இப்ப மணிக்கணக்கா ஓடுதுல்ல?"

மாயாண்டி தணிகாசலத்தைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தான். தணிகாசலம் தலையைச் சொறிந்தான். ஆமாம் என்றால் மூன்று நாளாகக் கூரையேறித் தொங்கினது தண்டம் என்று ஆகிவிடும். தொழில்காரனுக்கு மானம் பெரிசு இல்லையா? "துணியால கம்ப்யூட்டர் நிக்குமாண்ணே? நான் கத்துக்கிட்டதுல அப்படி ஒண்ணும் கிடையாது" என்றான்.

"கேட்டுக்கிட்டியா?" என்றான் மாயாண்டி. வேம்பு தூக்கிவிட்ட உறையைத் திரும்ப இழுத்து மூடினாள். மூடினாளே தவிர, விட்டுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நாளும் அதுவுமாகப் பவளக்கொடி அண்ணன் வளைக்கு நாலு நாள் தங்க வருவதாகச் சொல்லியிருந்தாள். மாயாண்டி அவளைக் கூட்டிவர ஆற்றங்கரைக்குப் போனான். அவன் வால் மறைந்ததும் வேம்பு உறையைக் கழற்றி, உதறி, வாசலில் வெயிலில் காயப் போட்டாள். யாராவது கேட்டால் பூச்சி வந்துவிடும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நெட் ஒயரைத் திரும்ப மாட்டிப் போட்டதும் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. மூன்றரை மணிக்குப் பதினாலாம் பக்கமும் முடிந்தது. பாக்கி ஒன்றே ஒன்றுதான், கருவியில் முள்ளை வைத்து ரேகை பதிய வேண்டும். வேம்பு தன் முள்ளை வைத்தாள். 'நீங்கள் பட்டாதாரர் அல்ல' என்று திரையில் வந்தது. மூன்று மழைக்காலம் தோண்டியவளை அந்தக் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் போய் நின்றுகொண்டு வழியைப் பார்த்தாள்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அண்ணனும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். பவளக்கொடி உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, வாசலில் காய்கிற கிளிகளைப் பார்த்தாள்.

"அதனால என்ன மதினி, உங்களுக்குப் பிடிக்கலைன்னா எடுத்துட வேண்டியதுதான். நான் என்ன பெரிய தையல்காரியா? ஏதோ கண்ணு வலிக்க வலிக்கத் தச்சேன்." பையிலிருந்து சின்னதாக இன்னொரு சிவப்பு உறையை எடுத்தாள். "வைஃபை பெட்டிக்கும் ஒண்ணு தச்சுட்டு வந்தேன். இனி எதுக்கு, திருப்பிக் கொண்டு போயிடறேன்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"ரெண்டையும் எடுத்து மாட்டு" என்றான் மாயாண்டி.

"மாட்டறேங்க. முதல்ல ஒரு முள்ளை மட்டும் வச்சுருங்க, ஒரு நிமிஷ வேலை. அப்புறம் எத்தனை உறை வேணாலும் மாட்டறேன்."

"மாட்டினாத்தான் வைப்பேன்."

வேம்பு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சண்டை போட நேரமில்லை. பெரியதைப் பெரியதுக்கும் சின்னதைச் சின்னதுக்கும் மாட்டினாள். உடனே வைப்பான் என்றா நினைக்கிறீர்கள்? வந்த பிள்ளைக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் என்ன அவசரம் என்றான். காப்பி வந்தது. அதோடு கிழங்கு வறுவல் இல்லையா என்றான். வறுவல் வந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடினான். எல்லாம் முடிந்து அவன் கருவியில் முள்ளை வைத்தபோது மணி நாலே முக்கால். 'சரிபார்க்கப்படுகிறது' என்று வந்தது. ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரை நீலமானது.

வேம்பு மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு முதல் பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் தட்டினாள். ஆறாம் பக்கத்தில், அறை எத்தனை என்ற கேள்விக்கு ஏழு என்று அடிக்கும்போது மணி ஐந்தானது. 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று போட்டுவிட்டுப் பக்கம் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் நரி வந்து வளைக்கு சீல் வைத்தது. தணிகாசலம் வந்து ஒயர்களைச் சுருட்டினான். நெட் கடைசிவரை நன்றாக ஓடியது என்று மாயாண்டியிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். போக்கிடம் வேறு இல்லாததால் புருஷனும் பெண்டாட்டியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பவளக்கொடியோடு அவள் வளைக்கே போனார்கள்.

அங்கே நடு அறையில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு நூல் துணிகூட இல்லை. போதாததற்குப் பக்கத்தில் ஒரு மேஜை ஃபேன் அதையே பார்த்துச் சுழன்றது. வைஃபை பெட்டி சுவரில் காற்றோட்டமாகத் தொங்கியது. வேம்பு கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது.

"பவளம், உன்னோடதுக்கு உறை தைக்கலையா?"

"உறையா? சூடேறி நின்னுபோயிடும் மதினி, தெரியாதா?" என்றாள் பவளக்கொடி. "நான் தைக்கிறதெல்லாம் யாருக்காவது கொடுக்கத்தான். எங்க வளையில நாங்க எதுக்கும் போடறதில்ல. அதனாலதான் திங்கக்கிழமையே பதிஞ்சு முடிச்சிட்டோம்."

மாயாண்டி பெருமையாக மீசையைத் தடவினான். "என் தங்கச்சிக்கு எவ்வளவு விவரம் பாத்தியா?" என்றான் வேம்புவிடம்.

நீதி: வீட்டில் வைஃபை மாட்ட நினைக்கிறவர்கள், முதலில் நாத்தனார் வீட்டுக்கு ஒரு நடை போய், அவள் கம்ப்யூட்டர் என்ன உடுத்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவும்.