ஸ்டெப்னி இல்லாத விமானம்

லாரியில் தொழில் பழகியவன் சக்கரத்தைத் தட்டிப் பார்க்காமல் எதிலும் ஏற மாட்டான். அது பக்தி மாதிரி. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, செய்யாவிட்டால் நெஞ்சு கேட்காது. கிளம்பும் முன் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து டயருக்கு ஓர் அடி. 'டங்'கென்று எகிறினால் காற்று சரி. 'தொப்'பென்றால் ஜாக்கியை எடுக்க வேண்டியதுதான். "தட்டாத டயரும் கேக்காத சொல்லும் நடுக்காட்டுல விடும்" என்பது பாளையம்பட்டியில் எங்கள் லாரி ஷெட்டின் வேதவாக்கு. கல்யாணக் கார், டவுன் பஸ் என்று நான் எதையும் விட்டதில்லை. (பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனாரின் சைக்கிளைக்கூடத் தட்டினேன். பின்சக்கரத்தில் காற்று குறைவு. அப்படியும் பெண் கொடுத்தார்கள்.)

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் நான் தட்டிப் பார்த்தது விமானத்தை.

அக்கா ஞானத்தின் வீட்டுக்காரர் சவரிமுத்து மச்சான் மெட்ராஸில் கொத்தனார் வேலை பார்த்தார். திருச்சுழிப் பக்கம் மழை இல்லையென்றால் ஆண்கள் எல்லோரும் எங்காவது போய்ச் சுவர் வைப்பார்கள். ஒருநாள் சாரம் சரிந்து மச்சான் விழுந்தார். மேலிருந்து வந்த கல் காலை நசுக்கிவிட்டது. விழுந்த சேதி எங்களுக்கு வரவில்லை, 'பயப்பட வேண்டாம், ஆறிவிடும்' என்று அவரே தடுத்திருக்கிறார். வந்தது இரண்டாவது சேதி. ஒரு காலை நேரத்தில் முதலாளியின் ஷெட்டுக்கு டிரங்க் கால். கால் அழுகத் தொடங்கிவிட்டது, இன்று பொழுது அடைவதற்குள் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை. மச்சானோ கையெழுத்துப் போட மறுக்கிறார். "ஞானம் வந்து சொல்லட்டும். அவ சொன்னா எடுத்துக்கங்க" என்கிறாராம்.

"பஸ்ஸுல போனா விடிஞ்சுதாம்ப்பா போயிச் சேருவீக. ஏரோப்ளேன்ல போங்க" என்றார் முதலாளி. மதுரையில் ஆளைப் பிடித்து அவரே இரண்டு டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார்.

அதுவரை எங்கள் குடும்பத்தில் உயரமான இடத்துக்குப் போனவர் சாரத்தில் ஏறிய மச்சான் ஒருவர்தான். அவருக்கு நடந்தது கண்முன்னே இருந்தது. போதாததற்கு என்னோடு வேலை பார்த்த பாண்டி, எங்களை மதுரைக்கு ஏற்றிப்போக வந்த காரின் கதவைச் சாத்தும்போது தலையை உள்ளே நீட்டினான்.

"ஏலே, மேல போயி பஞ்சரானா எங்கலே ஓரங்கட்டுவாக?"

அக்கா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி, "வாயக் கழுவுலே" என்றாள். ஆனால் விதை விழுந்துவிட்டது. கல்குறிச்சி தாண்டுவதற்குள் முளைத்து, விமான நிலையத்துக்குள் நுழைகையில் கருவேலமரமாக நின்றது.

அங்கே விமானம் வரத் தாமதம் என்றார்கள். ஏன் என்று கேட்டால் "சொல்லுவாங்க" என்றார்கள். யார் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வப்போது ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் எதையோ இனிமையாகச் சொல்லும், கோட்டுப் போட்டவர்கள் முகம் சுளிப்பார்கள், அதைப் பார்த்து நாங்களும் சுளிப்போம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எவ்வளவோ தேவலை. அங்கே பஸ் வராவிட்டால் நேரக் காப்பாளரைத் திட்டலாம், கடலை கொறிக்கலாம். இங்கே திட்டவும் ஆளில்லை, கொறிக்கவும் வழியில்லை. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் சன்னல் வழியே வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பொழுதை அப்படித்தான் அளப்போம்.

ஒருவழியாக எங்களை வெளியே விட்டார்கள். அந்தக் காலத்தில் பெட்டிகளை விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவரவர் பெட்டியை அடையாளம் காட்டினால்தான் ஏற்றுவார்கள். அக்கா எங்கள் பையைக் காட்டினாள். நான் பையைப் பார்க்கவில்லை. என் கண், நேராக இறக்கைக்குக் கீழே நின்ற சக்கரத்துக்குப் போய்விட்டது.

மொட்டை டயர்.

நம்ப முடியாமல் கிட்டே போனேன். லாரி டயரில் இருக்கிற கட்டை, பூ, பல் எதுவும் இல்லை. நீளவாக்கில் நாலு கோடு, மற்றபடி மொட்டைத் தலை மாதிரி வழவழப்பு. இந்த டயரைப் போட்டுக்கொண்டு மல்லாங்கிணறு வரைக்கும்கூட நான் பருத்தி லோடு ஏற்றமாட்டேன். கையில் கம்பி இல்லை. காலால் ஓர் உதை விட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாரும் ஏறாதீக! டயரு மொட்டை!" என்று கத்தினேன்.

படியில் ஏறிக்கொண்டிருந்த சபாரி சட்டைக்காரர் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் வந்த அம்மாள் பின்வாங்கினார். பாதுகாப்பு ஆட்கள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்கள். கீழே பேச்சு முற்றியதும், கண்ணாடி போட்ட விமானியே இறங்கி வந்தார். நல்லவேளை, தமிழ் தெரிந்தவர்.

"தம்பி, விமானத்து டயர் இப்படித்தான் இருக்கும். தண்ணி ஒதுங்கிறதுக்குக் கோடு இருந்தாப் போதும்."

"சரிங்க. ஸ்டெப்னி எங்க கட்டியிருக்கீக?"

"ஸ்டெப்னியா? அதெல்லாம் கொண்டுபோறதில்லப்பா."

அவர் உண்மையைச் சொன்னார். அந்த உண்மை படி வழியாக மேலே பரவி, அதுவரை துணிந்து உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள்.

ஓர் அதிகாரி, "இந்த ஆளைக் கூட்டிட்டுப் போயி விசாரிக்கணும். கூட வந்தவங்க பையையும் இறக்குங்க" என்றார். ஏற்றிய பையை மறுபடியும் தரைக்குக் கொண்டுவந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு மச்சானின் கால் ஞாபகம் வந்தது. அதுவரை நான்கு கோடு போட்ட ரப்பரைத் தவிர உலகத்தில் எனக்கு வேறெதுவும் இல்லை.

அந்நிய ஆணிடம் முகம் பார்த்துப் பேசாத என் அக்கா, முக்காட்டை எடுத்துவிட்டு விமானிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இவன் எந் தம்பி. லாரிக்கு அடியிலயே கெடந்த பய. இவனுக்கு டயரத் தவர ஒண்ணுந் தெரியாது. மெட்ராஸ்ல எம் புருசன் காலை எடுக்கணும்ங்கிறாக. நான் போயிச் சொன்னாத்தான் எடுக்கலாம். இவன வேணும்னா நீங்களே வச்சுக்கங்க. என்னைய மட்டும் ஏத்திவிட்டுருங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்குப் பயமா இருந்தா நில்லுலே. நான் போறேன்" என்றாள்.

விமானி கண்ணாடியைக் கழற்றினார். இறக்கைக்குக் கீழே குனிந்து போய், தன் பளபள ஷூவால் டயரை ஒரு தட்டுத் தட்டினார். அந்தப் பக்கத்து டயரையும் தட்டினார். முன்னால் போய் மூக்குச் சக்கரத்தையும் தட்டினார்.

"போதுமாப்பா? ஏறு."

இறங்கியவர்களும் ஏறினார்கள்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வழி முழுக்க நான் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணை மூடவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். மச்சான் பாதியாகிக் கிடந்தார். அக்கா கட்டுக்குக் கீழே தெரிந்த கறுத்த விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலு கெடக்கட்டும். நீங்க வீட்டுக்கு வாங்க" என்றாள்.

மச்சான் தலையை ஆட்டினார். "காலையிலயே சேதி போச்சே. ஏன் இம்புட்டு நேரம்?"

"இந்தா நிக்கிறானே, இவன்ட்டக் கேளுங்க."

அவளே சொன்னாள். உதைத்தது, கத்தியது, ஸ்டெப்னி கேட்டது எல்லாம். மச்சானுக்கு முதலில் உதடு துடித்தது, அப்புறம் வயிறு குலுங்கியது. வலியில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். நர்சம்மா வந்து அதட்டினார். அவரிடமே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, என் டயரையும் கழட்டப்போறாக. ஸ்டெப்னி இருக்கான்னு நீதான் கேட்டுச் சொல்லணும்."

முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டியதாயிற்று. நான் நிறுத்தி வைத்த நேரத்துக்கும் அந்த முழங்காலுக்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மச்சான் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டைக்காலுக்கு 'ஸ்டெப்னி' என்று பேர் வைத்தார், அவ்வளவுதான். "ஞானம், அந்த ஸ்டெப்னிய எடு" என்றால்தான் எங்கள் வீட்டில் விடியும். கோயிலுக்கு, சந்தைக்கு, எங்கே கிளம்பினாலும் என் முன்னால் அதை நீட்டுவார். நான் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பிள்ளைகள் "டங்" என்று கத்துவார்கள்.

பல வருடம் அப்படி நடந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காய்ச்சலில் போய்விட்டார்.

எங்கள் கோயிலில் சவப்பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி ஒன்று உண்டு. நாலு சைக்கிள் சக்கரம். பெட்டியை ஏற்றியாயிற்று. சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டார். வாலிபப் பையன்கள் தள்ளுவதற்குக் கை வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து அழாமலே நின்ற அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, டயரத் தட்டிப் பாத்தியா?"

குனிந்து நாலையும் தட்டினேன். வலது பின்சக்கரம் 'தொப்'பென்றது. பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பம்பு வாங்கிவரச் செய்தேன். அத்தனை சனமும் வெயிலில் காத்து நின்றது. நான் காற்றடித்தேன். அடித்து முடித்து இன்னொரு தட்டுத் தட்டியதும், எங்கோ பின்னாலிருந்து மச்சானின் பேத்தி, பழக்கத்தில், "டங்" என்றாள்.

அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"இப்பப் போங்க" என்றாள் பெட்டியிடம்.