டைனோசருக்கு இரண்டு கோட்டிங்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நெருப்பு என்று சிலர் சொல்வார்கள். சக்கரம் என்று வேறு சிலர் சொல்வார்கள். இவர்களில் யாரும் ஒரு கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருவதைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். கண்டிருந்தால், தலைசிறந்த கண்டுபிடிப்பு பெயிண்ட்தான் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

சிதம்பரத்துக்கும் கீரப்பாளையத்துக்கும் நடுவே நெல்வயல் சூழ நிமிர்ந்து நிற்கும் ஞானாம்பாள் கலை அறிவியல் கல்லூரி, இந்த உண்மையை வெகுகாலம் முன்பே உணர்ந்துவிட்டது. அங்கே குழு வருகிறது என்றால் முதலில் மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளையும் காவியும் அடிப்பார்கள். பிறகு பாதையோரக் கற்களுக்கு. பிறகு, அசையாமல் இருக்கும் எதற்கும். போன முறை வாட்ச்மேன் சிங்காரத்தின் ஸ்டூலுக்கும் அடித்துவிட்டார்கள். அதில் உட்கார்ந்தவரால் குழு போகும் வரை எழுந்திருக்க முடியவில்லை. ‘ஊழியர்கள் இருக்கையை விட்டு நகராமல் கடமையாற்றுகிறார்கள்’ என்று குழு அறிக்கையில் பாராட்டியது.

இப்படிப்பட்ட கல்லூரியில்தான், நிலவியல் துறை உதவிப் பேராசிரியை பிரிசில்லா உலகம் அறியாத ஒரு பிராணியை வைத்துக்கொண்டிருந்தாள்.

மாணவர்களை அழைத்துக்கொண்டு மேற்கே ஒரு கல்குவாரிக்குப் போனபோது கிடைத்தது அது. முதலில் ஒரு தொடையெலும்பு. நிமிர்த்தி வைத்தால் அவள் கணவன் அன்புமணியின் தோள் வரை வரும். அதன் பக்கத்திலேயே தலையணை அகலத்தில் ஒரு பலகைக் கல். உளியால் தட்டியதும் பன் ரொட்டி மாதிரி இரண்டாகப் பிளந்தது. உள்ளே வால் எலும்புகள். அவற்றைச் சுற்றிச் சீப்பு வாரினாற்போல் மெல்லிய கோடுகள். இறகுகள்!

வெறும் எலும்பு என்றால் அது ஏதோ ஒரு பெரிய டைனோசர். வெறும் இறகு என்றால் அது ஏதோ ஒரு கோழி. இரண்டும் சேர்ந்தால்தான் இறகு முளைத்த ராட்சத டைனோசர். பிரிசில்லாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவள் கொண்டுவந்ததைக் கல்லூரியில் வரவு வைக்க வேண்டியவர் அலுவலகக் கண்காணிப்பாளர் ராஜாமணி. அவர் கல்லின் இரண்டு பாதிகளையும் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே மேடம்?”

“ஒண்ணோட அச்சு இன்னொண்ணு சார்.”

“அப்ப ஒண்ணு ஒரிஜினல், ஒண்ணு டூப்ளிகேட்.”

“இல்ல சார், ரெண்டுமே ஒரிஜினல்தான்.”

ராஜாமணி தம் சர்வீஸில் இப்படி ஒரு அபாண்டத்தைக் கேட்டதில்லை. “ரெண்டு ஒரிஜினல் இருந்தா அதுக்குப் பேரு ஃபோர்ஜரி மேடம். ஒரிஜினல் ஆபீசுக்கு, டூப்ளிகேட் பார்ட்டிக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க.”

‘பார்ட்டி’ ஒரு பாதியைச் சாக்கில் சுற்றி, அன்புமணியின் பைக்கில் வைத்து, கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்புமணிக்கு அங்கேயே ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

“ஊருல புருசன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கியாருவான்” என்றான் வண்டியை ஓட்டிக்கொண்டே. “என் பொண்டாட்டி எனக்கு டைனோசர் வாங்கியாந்திருக்கா. தலையில வெச்சிக்கவா?”

“வாலத்தான் கொண்டாந்திருக்கேன் மாமா. பின்னாடி வெச்சிக்குங்க.”

வால் தோட்டத்து மூலையில் இடம்பிடித்தது. அந்த டிசம்பர் முடிவில் ‘தானே’ புயல் வந்தது. பலா மரம் சாய்ந்தது, தகரக் கூரை பறந்தது, துவைக்கிற கல் இரண்டாக உடைந்தது. விடிந்ததும் பிரிசில்லா தோட்டத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “ஸ்பெசிமன் போச்சே அத்தை!” என்று அழுதாள். மாமியார் சின்னம்மாள் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

“போனாப் போவுதும்மா. உசுரு இருக்கு. கூரைய மாத்திக்கலாம்.”

ஒரிஜினலாவது ஆபீஸில் பத்திரமாக இருக்கிறதே என்று பிரிசில்லா தேறிக்கொண்டாள். இதுதான் அவள் செய்த பிழை. ஆபீஸில் இருக்கும் எதையும் ‘பத்திரம்’ என்று நினைக்கும் வயது அவளுக்கு.

அடுத்த ஏப்ரலில் எல்லாம் கூடி வந்தது. அந்தப் பிராணியைப் பற்றி அவள் எழுதிய விவரணையை ஓர் ஆய்விதழ் ஏற்கத் தயாராயிற்று. ஒரே நிபந்தனை: கல்கத்தாவிலிருந்து ஒரு பேராசிரியர் நேரில் வந்து எலும்பையும் இறகையும் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால், அந்தப் பிராணி உலகத்துக்குப் புது இனம், விவரித்தவர் பிரிசில்லா. ஆட்டாவிட்டால், அது கீரப்பாளையம் ரோட்டில் ஒரு டீச்சரம்மா விட்ட கதை. அவர் வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தார். தரமதிப்பீட்டுக் குழு புதன்கிழமை வருவதாக இருந்தது.

முதல்வர் முனைவர் சுப்பராயலு அவசரக் கூட்டம் போட்டார். கரண்ட் இல்லாததால் எல்லோரும் சுற்றறிக்கையால் விசிறிக்கொண்டார்கள். அந்தக் கல்லூரியில் சுற்றறிக்கை வீணானதாகச் சரித்திரமே இல்லை.

“பிரிசில்லா மேடம், உங்க டைனோசர்தான் நம்ம துருப்புச் சீட்டு. ஆனா, பாக்க ரொம்பப் பழசா இருக்கே?”

“ஆறு கோடி வருசத்துக்கு மேல ஆச்சு சார்.”

“அதான் சொல்றேன். இத்தினி நாள்ல யாராச்சும் கொஞ்சம் மெயின்டனன்ஸ் பண்ணியிருக்கலாமே? சரி, பேரு என்னா?”

“இன்னும் வைக்கல சார்.”

“ஞானாம்பாளோசாரஸ்! நம்ம தாளாளரோட அம்மா பேரு. அவரு உருகிடுவாரு.”

“சார், சாரஸ்னா பல்லின்னு அர்த்தம்.”

முதல்வர் விசிறுவதை நிறுத்தினார். தாளாளர் எந்த விதமாக உருகுவார் என்பதை ஒரு கணம் மனக்கண்ணில் பார்த்தார். “பேர அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். “நீங்க நாளைக்குப் பிச்சாவரம் போயி குழுவுக்குப் போட் சொல்லிட்டு வந்துடுங்க. நண்டு, எறாலும் சொல்லிடுங்க. கல்வித்தரம்னா எல்லாம் சேர்ந்ததுதான்.”

பிரிசில்லா பிச்சாவரம் போய், படகு சொல்லி, இறால் சொல்லி, மாலை கல்லூரிக்குத் திரும்பினாள். வாசலிலேயே புதுப் பெயிண்ட் வாசனை. மரம், கல், கொடிக்கம்பம், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் பளபளத்தன. நிலவியல் துறைக்குள் நுழைந்தாள்.

தொடையெலும்பு வெள்ளிப் பெயிண்டில் மின்னியது. பக்கத்தில், மூடி திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள், பச்சைப் பசேலென்று, ஆபீஸில் இருந்த அந்தக் கல். அதன் மேல் நீலமும் பொன்னுமாக, கண் கண்ணாக, மயிலே வெட்கப்படும் இறகுகள். பெயிண்டர் பக்கிரி தலையைச் சாய்த்து, தூரிகையால் கடைசிக் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டிருந்தார்.

“என்னாண்ணே பண்ணீங்க?” என்று பெட்டியருகே ஓடினாள்.

“மொதல்ல ஒண்ணுமே பண்ண முடியாதுன்னுதான் நெனச்சேன் மேடம். அம்மாம் கீறல். உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சி, பட்டி பாத்து, ப்ரைமர் அடிச்சி, ரெண்டு கோட்டிங். சாரு இறகு வேணும்னாரு, அதான் போட்டுட்டேன்.”

“அந்தக் கீறல்தாண்ணே இறகு!”

“அய்ய! அது இறகாட்டமே இல்ல மேடம். இத்தப் பாருங்க. ஊதுனா பறந்துடும்.”

உள்ளே வந்த முதல்வர் அவள் கண்ணீரைப் பார்த்தார். நெகிழ்ந்துபோனார். “இதுக்கெல்லாமா மேடம் நன்றி சொல்வாங்க? இது என் கடமை” என்றார்.

புதன்கிழமை குழு வந்தது. பொன்னாடை போர்த்திக்கொண்டது. நூலகத்தை வாசலில் நின்றும், ஆய்வகத்தை ஜன்னல் வழியாகவும், பிச்சாவரத்தைப் படகில் போய் மிக விரிவாகவும் ஆராய்ந்தது. புறப்படும் நேரத்தில் நிலவியல் துறைக்கும் ஒரு நிமிஷம் கிடைத்தது. குழுத் தலைவர் பெட்டிக்குள் கைவிட்டுக் கல்லைத் தொட்டார்.

“எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கு!” என்றார். விரலில் பச்சை ஒட்டியிருந்தது. அறிவியலைத் தொட்ட விரல் அல்லவா? அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. கல்லூரிக்கு மிக உயர்ந்த கிரேடு கிடைத்தது. அறிக்கையில், ‘புதைபடிவங்களைப் புதுமை மாறாமல் பேணும் பாங்கு’ தனியாகப் பாராட்டப்பட்டது.

மறுநாள் பிரிசில்லா லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். கல்கத்தாவுக்கு வரவேண்டாம் என்று போன் பண்ணலாமா என்று காலையிலிருந்து செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அன்புமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“எலும்ப என்கிட்ட வுடு. தின்னர் போட்டா வெள்ளி பூரா வந்துடும். கம்பெனியில இதான தினம் என் பொழப்பு?”

“எலும்பு வந்து என்னா மாமா? இறகு போச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டாங்க. அந்தப் பேராசிரியர் பச்சக் கல்லப் பாத்துட்டு என்னை என்னான்னு நெனப்பாரு? மயில் ஓவியம் வரையற பொம்பளன்னு நெனப்பாரு.”

“மயிலு நல்லாருக்குதா?”

அவள் முறைத்தாள். அவன் எழுந்து ஷிப்டுக்குப் போய்விட்டான். கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அவள் அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். முதல்வருக்கு ஒரு அடி, கண்காணிப்பாளருக்கு ஒரு அடி, குழுத் தலைவருக்கு நாலு அடி என்று அன்புமணியின் பேண்டைக் கல்லில் அறைந்தாள். கல் ஆடியது.

“மெதுவாம்மா!” என்று சின்னம்மாள் அடுப்படியிலிருந்து கத்தினார். “கல்லு நவுருது பாரு, அண்டக் குடு.”

பிரிசில்லா கல்லின் ஒரு முனையைத் தூக்கினாள். அடியில் முட்டுக் கொடுக்க ஓட்டுத் துண்டைத் தேடியவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே ஈர மணலில், சீப்பு வாரினாற்போல், வரிவரியாக இறகின் அச்சு.

“அத்தை! இந்தக் கல்லு ஏது?”

“புயல்ல நம்ம கல்லு ஒடஞ்சிடுச்சில்ல? இது சாக்குல சுத்திக் கெடந்துச்சு. ஒரு பக்கம் கோழி ரெக்கையாட்டம் கோடு கோடா இருந்துச்சா, சீலை கிழிஞ்சிடுமேன்னு கவுத்துப் போட்டேன். ஏன், உன்னுதா?”

“அன்னைக்கு இதத்தான அத்தை அழுதழுது தேடுனேன்!”

“நீ எங்க கல்லுன்னு சொன்ன? ஸ்பெசிமன்னு சொன்ன. நான் பறந்துபோன கூரைத் தகரத்தோட கம்பெனி பேருன்னு நெனச்சேன்.”

நாலு மாதமாகத் தன் டைனோசரின் மேலேயே தன் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்த நிலவியல் நிபுணி, ஈரக் கையோடு மாமியாரைக் கட்டிக்கொண்டாள். சின்னம்மாள் பயந்துபோய்க் கரண்டியைக் கீழே போட்டார்.

வெள்ளிக்கிழமை கல்கத்தாப் பேராசிரியர் வந்தார். முதல்வர் அவரை நேராகப் பச்சைக் கல்லின் முன் நிறுத்தினார். பேராசிரியர் இரண்டடி பின்வாங்கினார். அதற்குள் அன்புமணி ஆட்டோவிலிருந்து சாக்கு மூட்டையை இறக்கிவிட்டான். பேராசிரியர் லென்ஸை எடுத்துக் கல்லின் மேல் குனிந்தவர், கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போகும் வரை நிமிரவில்லை. பிரிசில்லா தாலிச் சங்கிலியில் கோத்திருந்த சிலுவையைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் அவர் நிமிர்ந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ராஜாமணியால் பொறுக்க முடியவில்லை. “சார், அது டூப்ளிகேட்! ஆபீஸ் சீல் போட்ட ஒரிஜினல் இதான்” என்று பச்சையைக் காட்டினார். டூப்ளிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கல் பாதுகாப்பாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. தொடையெலும்புக்கு அன்புமணி தின்னர் போட்டுத் தேய்த்தான். பெயிண்ட் போய்விட்டதால் இனி அது ‘காட்சிக்குத் தகுதியற்றது’ என்று கல்லூரி அதையும் கூடவே அனுப்பிவிட்டது.

சில மாதங்களில் விவரணை அச்சாகி வந்தது. விவரித்தவர் பிரிசில்லா. அவள் பெயர் மட்டும். கல்லூரி வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் தாளாளர் ஆளுயரம், முதல்வர் இடுப்பளவு, பச்சை மயில் டைனோசர் முழங்காலளவு. கீழே மூலையில், தபால்தலை அளவில், பெயிண்ட் கம்பெனி விளம்பரத்துக்குப் பக்கத்தில், பிரிசில்லா. பச்சைக் கல் இன்றும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது. மேலே ‘அசல்’ என்று பலகை. அடுத்த குழுவுக்குள் இன்னொரு கோட்டிங் கொடுப்பதாகப் பக்கிரி வாக்களித்திருக்கிறார்.

இதழ் வந்த அன்று சின்னம்மாள் தோட்டத்தில் புதுத் துவைகல்லின் மேல் உட்கார்ந்து, மருமகள் காட்டிய படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

“பேரு என்னான்னு வெச்சிருக்க?”

“சின்னம்மாளோசாரஸ்.”

“எம் பேரா? அப்பிடின்னா என்னா அர்த்தம்?”

“சின்னம்மாளோட பல்லின்னு அர்த்தம் அத்தை.”

“பல்லியா!” சின்னம்மாள் படத்தைச் சற்றுக் கிட்டே கொண்டுவந்தார். “பெருசா?”

“தென்னை மரம் உசரம்.”

“அப்ப சரி.” அவர் படத்தை இன்னொரு தடவை, இந்த முறை உரிமையோடு, பார்த்தார். “அம்மாம் பெரிய உருப்படி எப்பிடிம்மா பூண்டோட அழிஞ்சுது?”

“வானத்துலேர்ந்து ஒரு பெரிய கல்லு வந்து விழுந்துச்சுன்னு புஸ்தகத்துல போட்டிருக்காங்க அத்தை.”

“கல்லா?” சின்னம்மாள் தாம் உட்கார்ந்திருந்த கல்லைத் தட்டிப் பார்த்தார். “கல்லு என்னாம்மா பண்ணும்? இத்தினி வருசமும் கல்லுதான அதைப் பத்திரமா வெச்சிருந்துச்சு?”

பிரிசில்லா நிலவியல் முழுவதையும் மனதுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்தாள்.

“அப்ப குழு எதுனா வந்திருக்கும் அத்தை” என்றாள்.