பேச்சைப் பிடிக்கும் பெட்டி

டேப் ரிக்கார்டரின் இரண்டு சக்கரங்களும் சுற்றிக்கொண்டிருப்பதை உத்திராபதி கவனித்தபோது, மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசியைச் சொல்லி முடித்திருந்தார்.

"ஞானம்," என்றார் குரல் இறங்கி. "அது இன்னா சுத்துது?"

முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி ஞானம்பாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையோட பொட்டி. நேத்துகூட சுத்திச்சே."

"நேத்து சுத்தினப்ப இன்னா ஆச்சி?"

"நம்ம சாரதா பாடினது அப்படியே திரும்ப வந்திச்சி."

உத்திராபதி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த உத்திராபதிக்கு விஞ்ஞானத்தின் மேல் விரோதம் எதுவும் கிடையாது. அது செஞ்சிக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் புதிதாக எவன் எதைக் கண்டுபிடித்தான் என்று தேடுவார். மண்டியில் முதல் மூட்டை தராசில் ஏறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். டில்லியில் டெலிவிஷன் காட்டுகிறார்களாமே என்று யாராவது கேட்டால், "நாம அவனப் பாக்கறோம், சரி. அவன் நம்மளப் பாக்க மாட்டான்னு இன்னா நிச்சயம்? பொம்பளைங்க பொழங்கற வூடு" என்பார். குளிர்சாதனப் பெட்டி அவருக்குப் பழைய சோற்றுக்குக் கட்டிய பங்களா. டிரான்சிஸ்டரை அவர் மன்னிக்கவே இல்லை. "ஒயர் இல்லாம வர்ற சேதி, விலாசம் இல்லாத சேதி." மூட்டை போட வந்த குடியானவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு போய்ச் சிங்கவரத்திலும் பனமலையிலும் பரப்புவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ரேடியோ மெக்கானிக் ஒருவர் மாப்பிள்ளையாக வாய்த்தது விதி. "பையனுக்கு மெட்ராஸ்ல கம்பெனி உத்தியோகம்" என்று தரகர் சொன்னார். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டிய நேரத்தில் உத்திராபதி அவரிடம் செயற்கைக்கோளைக் கண்டித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வெங்கடரமணன் நல்ல பையன்தான். ஆனால் தொட்டால் சுருங்கி. தலை தீபாவளிக்கு வந்தபோது பருப்புக்கு நெய் ஊற்ற யாரோ மறந்துவிட, கையைக் கழுவிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார். பின்னாலேயே சாரதாவும் அழுதுகொண்டு ஓடினாள். பொங்கல் வரைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நெய்க்கே அப்படி என்றால், இன்று காலை உத்திராபதி பேசியதற்கு எத்தனை பொங்கல் போக வேண்டியிருக்கும்?

நேற்று மாலைதான் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்திருந்தார்கள். டேப் ரிக்கார்டரோடு வருவதாகப் பத்து நாளுக்கு முன்பே சாரதா அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தாள். பெட்டியைக் கூடத்து மேசை மேல் வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளை எல்லோருக்கும் விளக்கினார். உத்திராபதி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் அவர்கள் இருவரும் சிங்கவரம் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பிப் போனதும், ஞானம்பாள் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளையப் பத்தி உங்க மனசுல இன்னாதான் இருக்குது? தொறந்து சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய அபிப்பிராயத்தை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. உத்திராபதி அணையைத் திறந்துவிட்டார்.

இப்போது அதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அவர் எழுந்து பூனைபோல் நடந்து பெட்டியிடம் போனார். மைக்குக்கு நேராகக் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு! நம்ம மாப்பிள்ளை மாதிரி தங்கமான பிள்ளை ஏழு ஜில்லாவுல கெடையாது!"

"இன்னாங்க இது?" என்றாள் ஞானம்பாள்.

"சரிக்கட்டறேன்."

"முன்னாடி சொன்னது முன்னாடிதானே வரும்? 'தண்டச்சோறு'ன்னதும் இருக்கும், 'தங்கம்'னதும் இருக்கும். ரெண்டு நாக்குன்னு நெனப்பாரு."

அதுவும் சரிதான். அழித்துவிடுவதென்று முடிவு செய்து, எதை அழுத்துவது என்று தெரியாமல், வரிசையில் பெரியதாக இருந்த பொத்தானை அழுத்தினார். சக்கரங்கள் நின்றன. அடுத்ததை அழுத்தினார். பேய் பிடித்தாற்போலப் பின்னோக்கிச் சுற்றின. பயந்துபோய் மூன்றாவதை அழுத்தி, பக்கத்தில் இருந்த குமிழையும் ஒரு திருகு திருகினார்.

"மாப்பிள்ளையா அது?" என்று உத்திராபதியின் குரல் வீடு அதிர முழங்கியது. "ஸ்குரு டிரைவர எடுத்துக்கினு மாமியார் வூட்டுக்கு வர ஆள நீ எங்கனா பாத்துகிறியா? செவுத்துக் கடியாரத்த நேத்து தொறந்தாரு. இப்ப அது மூணு மணிக்குப் பதினொண்ணு அடிக்குது!"

"நிறுத்துங்க, தெருவெல்லாம் கேக்குது!"

"எப்பிடி நிறுத்தறது? எனக்கு மேல கத்துது அது!"

"அவருக்குப் பொண்ணக் குடுத்ததுக்கு," என்றது பெட்டி, "ஒரு பேட்டரிக்குக் குடுத்திருக்கலாம்!"

கடைசியில் உத்திராபதி சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கினார். அமைதியானது. ஜன்னலைப் பார்த்தார். கடைத்தெரு மொத்தமும் அங்கேதான் நின்றது.

"யாரையண்ணே திட்டினீங்க?" என்று வெற்றிலைக்கடைக்காரர் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துக் கேட்டார்.

உத்திராபதிக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். "ரேடியோ நாடகம்," என்றார்.

"உங்க குரலாட்டமே இருந்திச்சே?"

"நான்தான் நடிச்சிருக்கறேன்."

கூட்டம் வாயைப் பிளந்தது. டிரான்சிஸ்டரை ஊரை விட்டு விலக்கி வைத்த மனிதர் ரேடியோவிலேயே நடித்திருக்கிறார் என்ற செய்தி, ஒயர் இல்லாமலே அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிற்று. மாப்பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கப்போவதும் அதே ஸ்டாண்டில்தான் என்பது உத்திராபதிக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தங்கராசு.

"அண்ணே, நாடகம்னீங்க. நடுவுல 'ஞானம், காப்பில சக்கர கம்மி'ன்னு வந்திச்சே?"

உத்திராபதி அவரை உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

விஷயத்தைக் கேட்ட தங்கராசு தைரியம் சொன்னார். "இதெல்லாம் ஒரு மேட்டரா? நாடாவ வெளிய எடுத்து ஒளிச்சிடலாம்." சொல்லிக்கொண்டே சக்கரத்தைப் பிடித்து இழுத்தார். நாடா சரசரவென்று சரிந்து, இடியாப்பம் பிழிந்ததுபோலத் தரையெல்லாம் சுருண்டு கிடந்தது.

"அடப்பாவி!"

"இருங்கண்ணே. சக்கரம் காலியா இருந்தா சந்தேகம் வரும். சுத்தி வச்சிடலாம்."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சுற்றினார்கள். உத்திராபதியின் கால் கட்டை விரலில் ஒரு முனை மாட்டிக்கொண்டது. நடுவில் கொஞ்சம் முருங்கைக்கீரையும் சேர்ந்து சுற்றிக்கொண்டதால் மறுபடியும் பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து மூச்சு வாங்கும்போது தங்கராசு நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"மறந்தே பூட்டேண்ணே! சுத்தவே வேணாம். இதும் மேலயே வேற எதுனா பேசினா, பழசு தானா அழிஞ்சிடும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"நாலு வருசம் முன்னாடி ஒரு கச்சேரில பாத்தது. இப்பதான் ஞாபகம் வருது. ஒண்ணு, எவ்ளோ நேரம் திட்டினீங்களோ அவ்ளோ நேரம் பேசணும். நடுவுல நின்னா, நின்ன எடத்துலருந்து பழைய திட்டு கெளம்பிடும்."

ஒயரைச் சொருகி, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, பேசச் சொல்லிக் கையைக் காட்டினார் தங்கராசு.

உத்திராபதி மைக்கின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை நல்லவரு," என்றார். பிறகு யோசித்தார். "ரொம்ப நல்லவரு." மறுபடி யோசித்தார். திட்டும்போது ஆறாக ஓடிய வாய், புகழ வேண்டும் என்றதும் ஆடி மாதத்துக் கிணறாகிவிட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தங்கராசு கையை ஆட்டி ஆட்டி விரட்டினார்.

ஞானம்பாள்தான் கைகொடுத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவள்போலப் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏங்க, நம்ம கடியாரத்த மாப்பிள்ளை தொறந்தாரே, அது எப்பிடி இருக்குது?"

திட்டியதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது உத்திராபதிக்குப் புரிந்துவிட்டது. உற்சாகம் வந்தது. "முன்னாடி அது நேரத்த மட்டும்தான் காட்டிச்சி. இப்ப நாம கேக்காமலே தாராளமா அடிக்குது! கைராசி!"

"இந்த ரேடியோ வேலை கௌரவமான வேலைதானா?"

"இன்னா கேள்வி கேக்கற? டாக்டர் மனுசனுக்கு உசுரு குடுக்கறான். மாப்பிள்ளை மரப்பொட்டிக்கு உசுரு குடுக்கறாரு. எது பெருசு?"

"டிரான்சிஸ்டர் கெட்டதுன்னு சொல்வீங்களே?"

"எவன் சொன்னான்? களை எடுக்கறவங்க வரப்புல வச்சிக்கினு உலக சேதி கேக்கலாம். அது இல்லாத ஊரு ஊரே இல்ல!"

தங்கராசு சத்தமில்லாமல் கை தட்டினார். உத்திராபதிக்குத் தன் குரல் தனக்கே பிடித்துப்போயிற்று. எழுந்து நின்று, மேடையில் பேசுவதுபோல மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப நம்ம செஞ்சில ஒரு ரேடியோ கடை வச்சா ஓடுமா?" என்றாள் ஞானம்பாள்.

"ஓடுமாவா? பறக்கும்! இம்மாம் பெரிய கோட்ட இருக்குது, ராசா ஆண்ட ஊரு, ஒரு வால்வு வாங்க மெட்ராஸுக்கு ஓட வேண்டிக்குது. வெக்கக்கேடு!"

"எடம் கெடைக்கணுமே?"

"ஏன், நம்ம மண்டி முன்கட்டு கோணியும் எலியுமா சும்மாதான கெடக்குது? மாப்பிள்ளை மாதிரி ஒரு ஆளு மட்டும் வந்து உக்காந்தாருன்னா, சாவியக் கையில குடுத்துட்டுக் கும்புடு போடுவேன்!"

"அவரு மெட்ராஸ விட்டு வருவாரா?"

"வரணும்! அது மட்டும் நடக்கலன்னா என் ஆயுசுக்கும் அதான் கொறை!"

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவருக்கே கண் கலங்கியது. தங்கராசு பொத்தானை அமுக்கினார். பழையதெல்லாம் அழிந்தது. தெருவில் சிங்கவரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தங்கராசு கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "மாமா, நீங்க ரேடியோல நடிச்சிங்களாமே? பஸ் ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு."

"ஊர்ல ஆயிரம் சொல்வானுங்க," என்றார் உத்திராபதி.

வெங்கடரமணன் பெட்டியைப் பார்த்து நின்றார். "நான் நிறுத்திட்டுத்தான போனேன்? நாடா ஓடியிருக்குதே..." என்று பின்னோக்கிச் சுற்றிவிட்டுப் பொத்தானைத் தட்டினார்.

பெட்டியில் ஒரு திட்டும் இல்லை. "மாப்பிள்ளை நல்லவரு" என்று ஆரம்பித்து, கைராசி, மரப்பொட்டிக்கு உயிர் என்று அருவியாகக் கொட்டியது. சாரதா தூணைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். உத்திராபதி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தார். பெட்டி மண்டிச் சாவிக்கு வரும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் நின்றபோது வெங்கடரமணனின் மூக்கு சிவந்திருந்தது. சட்டென்று குனிந்து மாமனாரின் காலைத் தொட்டார்.

"மாமா, சொந்தமா ஒரு கடை வைக்கணும்னு எனக்கு எத்தினி நாளா ஆசை தெரியுமா? அதுவும் இந்த ஊர்லயே. உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்காதேன்னு வாயத் தொறக்கல. நாங்க இல்லாதப்பகூட நீங்க இப்பிடிப் பேசினீங்கன்னா..."

"நைனா, நெசமாவா?" என்றாள் சாரதா.

உத்திராபதிக்கு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் காலையில் சொன்னதையும் சொல்ல வேண்டும். மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் சிதறியிருந்த கீரையைப் பொறுக்கி எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"நெசம்தான்," என்றார் மெதுவாக. "அதாவது... பேச்சு வாக்குல..."

"பேச்சு வாக்கா? டேப்புலயே இருக்குதே மாமா!"

"இருக்குது, இருக்குது." உத்திராபதி வேறு வழி தேடினார். "ஆனா இதெல்லாம் எடுத்தோம் கவுத்தோம்னு செய்யற காரியமா? நாள் பாக்கணும். முன்கட்டு காலி பண்ணணும். கடைன்னா ஒரு போர்டு வேணும். நம்மூரு பெயிண்டர் விநாயகம் ஒரு போர்டு எழுதறதுக்குள்ள ரெண்டு தேரோட்டம் வந்துடும். பொறுமையா, அடுத்த வருசம்..."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பெயிண்டர் விநாயகம்தான். சைக்கிள் கேரியரில் குறுக்காகக் கட்டியிருந்த நீளமான தகர போர்டை அவிழ்த்துச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். மஞ்சள் பூச்சின் மேல் சிவப்பில், புத்தம் புதிதாக, 'உத்திராபதி ரேடியோ ஹவுஸ், செஞ்சி' என்று எழுதியிருந்தது.

விநாயகம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் பணிவாகக் கேட்டார்:

"போன வாரம் அம்மா ஆர்டர் குடுத்தப்பவே, நீங்க பொட்டில பேசி முடிச்சப்புறம்தான் கொண்டாரணும்னாங்க. பேசி முடிச்சிட்டீங்களாண்ணே?"