வடக்குப் பார்த்த கூடுகள்

பென்குயின் இனத்தைக் காப்பாற்றும் பெருமை உலகில் ஒரே ஊருக்குத்தான் உண்டு. அது தென்னாப்பிரிக்கக் கடற்கரையிலுள்ள கிளிப்ஸ்ட்ரான்ட். அவ்வூர்ப் பென்குயின் நலக் குழுவே இதை ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டதால் மறுபேச்சுக்கு இடமில்லை.

குழுத் தலைவர் டென்சில் ஃபோர்ட்டைன் வாழ்நாளெல்லாம் வீடு விற்ற தரகர். அந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து விழும். வடக்குப் பார்த்த வீட்டுக்குத்தான் மவுசு. இந்த ஞானம் முழுவதையும் அவர் அழிந்துவரும் ஒரு பறவைக்குக் காணிக்கையாக்கினார்.

முன்பெல்லாம் பென்குயின்கள் தங்கள் எச்சம் கெட்டியாகப் படிந்த தரையைத் தோண்டி, இருட்டான குழிக்குள் முட்டையிடும். ஊர் முன்னோர்கள் அந்த எச்சத்தை உரமென்று சுரண்டி விற்றுவிட்டார்கள். 'வீடிழந்தோர்' துயர் துடைக்கக் குழு பிளாஸ்டிக் கூடுகளைச் செய்து, வாசல் வடக்கே இருக்கும்படி வெட்டவெளியில் வரிசையாக வைத்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் நன்கொடையாளர் பெயர், சாலையில் போகிறவர்கள் படிக்கும்படி.

பெரும்பாலான பென்குயின்கள் இவற்றைப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டன. நன்றி தெரிந்த ஒரு ஜோடி மட்டும் நன்கொடையாளர் திருமதி தெனிசன் பெயர் தாங்கிய கூட்டில் இரண்டு முட்டை இட்டது. குழு கேக் வெட்டியது.

மறுவாரம் சரணாலயக் காவலர் லவோனா கூட்டத்துக்கு வந்தாள்.

"டென்சில் அங்கிள், நாளைக்கு மலைப் பக்கமிருந்து அனல்காத்து வருதாம். அந்தக் கூடு அடுப்பு மாதிரி ஆயிரும். தாய் தாங்காம எழுந்து கடலுக்குப் போயிரும். போனா முட்டை கடற்காகத்துக்குத்தான். மேல ஒரு நாணல் தட்டி போடணும்."

"தட்டியா?" என்றார் திருமதி தெனிசன். "போட்டா என் பேரு?"

"மறையும் மேடம்."

"அப்ப பேரு தெரியிற மாதிரி தட்டி போடுங்க."

"அப்ப வெயிலும் தெரியும் மேடம்."

பொருளாளர் தொண்டையைக் கனைத்தார். "பென்குயினுக்கு வெயில் பழகட்டுமே. நாம பழகலையா?"

"நீங்க குடைக்கடியில உக்காந்து பழகியிருக்கீங்க, சார்."

இந்த ஒழுங்கீனமான உண்மை குறிப்பேட்டில் ஏறவில்லை. 'நிழல் குறித்து ஆராய' ஒரு துணைக்குழு அமைந்தது. அது குளிர்காலத்தில் கூடும்.

வீட்டில் டென்சிலின் மனைவி யோலண்ட் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நாள் பூரா அந்த டப்பாக்குள்ள நீ உக்காந்து பாரு டென்சில். உன் அளவுக்கு ஒண்ணு செய்யச் சொல்றேன்."

"தெனிசன் அம்மாவைப் பகைச்சா அடுத்த வருஷம் கூடே கிடையாது, யோலண்ட்."

"இந்த வருஷக் குஞ்சே கிடையாதே. அதுக்கு என்ன செய்வ?"

மறுநாள் மதியம் டென்சில், குழுவின் அனுமதியில்லாமல், ஒரு தட்டியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். பென்குயின் அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தது; அடியில் முட்டைகள். அவர் தட்டியைப் பாதி விரித்திருப்பார். சாலையில் ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என் பேரு நல்லாத் தெரியுது டென்சில்," என்றார் திருமதி தெனிசன் மலர்ந்து. "கையில என்ன?"

"இதுவா? இது... உக்கார, மேடம்."

தட்டியைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கார் போனதும் எழலாம் என்றிருந்தார். திருமதி தெனிசன் படம் எடுக்க இறங்கினார். பல கோணங்களில் எடுத்தார். பென்குயின் எழுந்தது. டென்சிலைத் தாண்டி, தள்ளாடி, கடலை நோக்கி நடந்தது. அதுவரை எங்கிருந்ததோ, கடற்காகம் ஒன்று வந்து இறங்கியது.

அடுத்த கூட்டம் ஒரு நிமிட மௌனத்துடன் தொடங்கியது. தாய்ப்பறவையின் 'பொறுப்பின்மை' கண்டிக்கப்பட்டது. பிறகு திருமதி தெனிசன் செலவில், இரண்டு முட்டைமேல் அமர்ந்திருக்கும் தாய்ப் பென்குயினுக்குச் சாலையோரம் சிமெண்ட் சிலை எழுந்தது.

வெயில் பட்டால் சிலையின் வண்ணம் மங்கிவிடுமாம். எனவே அதற்குக் கூரை போடத் தலைவர் முன்மொழிந்தார். துணைக்குழு எதுவுமில்லாமல், அன்றே வேலை முடிந்தது.