ஈடு இணையற்றவள் திரும்பி வந்தாள்

லிஸ்பன் நகரம் உலகுக்கு அளித்த மாபெரும் கொடை கண்ணீர். கப்பல், கடல்வழி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கண்ணீர்த் துறையின் முடிசூடா மன்னர் பாடகர் ஜெர்வாசியோ. அமில்காரின் பாட்டு விடுதியில், என்றோ விட்டுப்போன பெனில்டே என்பவளுக்காக மாலைதோறும் உருகுவார். 'உனக்கு ஈடு இல்லை' என்பது பல்லவி.

அதே விடுதியின் அடுப்படியில் மத்தி மீன் பொரிப்பவள் ஒடீலியா, அவருடைய மனைவி. அந்தப் பாட்டுக்கு ஒரு புனித விதி உண்டு: விளக்கு மங்கிவிட்டால் கரண்டிகூட அசையக் கூடாது. ஆகவே இருபது வருஷமாகப் பெனில்டேக்காக மீன் கருகியது. திட்டு வாங்கியது ஒடீலியா. கலைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள். "ஏங்க, என்னைப் பத்தி ஒரே ஒரு பாட்டு எழுதக் கூடாதா?"

"உன்னைப் பத்தியா? நீதான் இங்கயே இருக்கியே! இருக்கிறவளை நினைச்சு எவனாச்சும் ஏங்குவானா? அது சரி, சட்டைக்குப் பொத்தான் தைச்சியா?"

நியாயமான பேச்சு. ஒடீலியா பொத்தானைத் தைத்துவைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு செத்தூபலில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மருந்து உடனே வேலை செய்தது. 'ஒடீலியா, உனக்கு ஈடு யாரடி, வந்துவிடு' என்ற புதுப் பாட்டு வானொலியில் வந்தது. அதைக் கேட்டு அவள் விம்மி விம்மி அழுதாள்.

"பார்த்தியாக்கா, மனுஷனுக்கு இப்பதான் என் அருமை தெரிஞ்சிருக்கு!"

"அருமை தெரிஞ்சவன் பஸ் ஏறி வந்திருப்பான்டி. பாட்டு எதுக்கு?" என்றாள் அக்கா. கலைநுட்பம் அறியாதவள்.

அன்று மாலையே ஒடீலியா விடுதி வாசலில் நின்றாள். உள்ளே கூட்டம் நெரிந்தது. விளக்கு மங்கியிருந்தது. ஜெர்வாசியோ கண்ணை மூடிக்கொண்டு, "வந்துவிடு, வந்துவிடு" என்று கதறிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேங்க!" என்றாள்.

கூடம் மொத்தமும் "உஸ்ஸ்!" என்றது. அமில்கார் ஓடிவந்தார். அடுப்படிக்கு வெளியே அவளை அவர் பார்த்ததே இல்லை.

"யாரும்மா நீ? பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டுப் பாடறாரு மனுஷன். ஈவு இரக்கம் வேணாமா?"

"அந்தப் பொண்டாட்டியே நான்தான்!"

அமில்காருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி, நீயா! தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும், பின்வாசல் வழியாப் போயிடு. இசைத்தட்டு இன்னும் வெளிவரலை!"

ஒடீலியா கணவரையே பார்த்தாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்று சைகை காட்டிவிட்டு, அடுத்த அடியை இன்னும் உருக்கமாக எடுத்தார்.

ஒடீலியா நேரே அடுப்படிக்குப் போனாள். அங்கே அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு புதுப் பெண், கரண்டியும் கையுமாக அசையாமல் நின்றாள்.

"நீ எப்ப வந்தே?"

"இங்க இருந்த அந்தம்மா போன மறுநாளே என்னை வேலைக்கு வச்சுட்டாங்கக்கா," என்று அவள் கிசுகிசுத்தாள். "ஐயா சட்டைக்குப் பொத்தான்கூட நான்தான் தைக்கிறேன்."

கூடத்தில் 'ஈடு இல்லை, ஈடு இல்லை' என்று தேம்பல் கேட்டது.

"மீன் கருகுது பாரு. திருப்பிப் போடு."

"பாட்டு முடியட்டுமேக்கா?"

"அது முடியாதுடி. இருபது வருஷம் நின்னு பார்த்தவ சொல்றேன்."

ஒடீலியா கரண்டியைப் பிடுங்கி மீனைப் புரட்டிப் போட்டாள். சொய்யென்ற சத்தம் கூடம்வரை போயிற்று.

மனைவி வந்ததற்கு நிற்காத பாட்டு, மீன் சத்தத்துக்கு நின்றது.