மாப்பிள்ளை மாட்டிய மஞ்சள் விளக்கு

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். வேன்தான் படுத்துவிட்டது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். கைவரிசை காட்ட அங்கே டீசல் வண்டி எதுவும் இல்லை என்பதால் அந்த நம்பிக்கை.

போன மாதம் விருந்தாளியாக வந்த நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கலாம். எந்த மாமனாரும் குறை சொல்லியிருக்க மாட்டான். நான் காலையில் வண்டி எடுப்பதைப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "மாமா, ஹீட்டர் பிளக் சூடாயிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். டீசல் எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் பிளக் சூடாகாமல் கிளம்பாது. அதற்கு என் கணக்கு எளிமையானது. சாவியைப் பாதி திருப்பிவிட்டு உங்கள் அத்தையைத் திட்ட ஆரம்பிப்பேன். முடிக்கும்போது பிளக் பழுத்திருக்கும். ஒரு நாள் தப்பியதில்லை. "இதெல்லாம் ஒரு முறையா மாமா? ஒரு லைட் போட்டுடறேன். எரிஞ்சா காத்திருங்க, அணைஞ்சா ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டேஷ்போர்டுல ஓட்டை போட்டுட்டீங்க. என் வண்டி டேஷ்போர்டுல, மாப்பிள்ளை! பிளக்குக்குக் கரண்ட் விடற ரிலேயிலேர்ந்து வயர் இழுத்து, நடுவுல ஃபியூஸ் போட்டு, ரப்பர் வளையத்துக்குள்ள நுழைச்சு உள்ளே கொண்டுவந்து, மஞ்சள் பல்பு மாட்டி, மறுமுனையை பாடியில எர்த் கொடுத்து, கையைத் தட்டிக்கிட்டு எழுந்தீங்க. என் பொண்ணு முகத்துல இருந்த பெருமையைப் பார்க்கணுமே! இந்த வண்டியை ஓட்டித்தான் அவளைப் படிக்க வெச்சேன். என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் ஒழுங்காத்தான் எரிஞ்சு அணைஞ்சுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை எரிஞ்சது அணையவே இல்லை. காத்திருங்கன்னு சொன்னீங்களே, காத்திருந்தேன். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வண்டியிலேயே குடியேறிட்டீங்களா?"ன்னார். உங்க அத்தை ஜன்னல் வழியா டீயை நீட்டி, "ரொட்டி ஏத்த நேரமாச்சுன்னு பேக்கரிக்காரர் போன் மேல போன் பண்றார்"னா. உங்களுக்குப் போன் போட்டேன். என்ன சொன்னீங்க? "ரிலே ஒட்டிக்கிட்டிருக்கும் மாமா. வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க." அதாவது உங்க விளக்கு உத்தமம், என் வண்டிதான் பழுது! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சாவியைத் திருப்பினேன், முதல் இழுப்புலேயே எஞ்சின் எடுத்துக்கிச்சு. அப்பவும் அது எரியுது. எஞ்சினை அணைச்சு, சாவியை உருவிக் கையில வெச்சுக்கிட்டா அப்பவும் எரியுது! கடன்காரன் மாதிரி என்னையே முறைச்சுது. கறுப்பு டேப்பை எடுத்து அதும் மூஞ்சியில ஒட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

பேக்கரி வாசல்ல நிறுத்தி, ரொட்டித் தட்டெல்லாம் அடுக்கி, கதவைச் சாத்திட்டு சாவியைத் திருப்பினா சத்தமே இல்லை. பேட்டரி செத்துக் கிடக்கு. மாவுக் கையோட ஆளுங்க வந்து தள்ளினாங்க. வண்டி பூரா விரல் பதிஞ்சதுதான் மிச்சம். பேக்கரிக்காரர் கோபப்படலை. கோபப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். "ரொட்டி காத்துக்கிட்டிருக்காது அண்ணே"ன்னு மெதுவா சொல்லிட்டு வேற ஒருத்தன் மினி லாரியைக் கூப்பிட்டார். என் கண் முன்னாடியே தட்டுத் தட்டா இறக்கி அதுல ஏத்தினாங்க. சும்மா நிக்க முடியாம நானும் ஒரு தட்டைத் தூக்கிக் கொடுத்தேன். "இனிமே அவரே எடுக்கட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னுட்டார். ரெஸ்ட்! வீட்டுக்கு வந்து என் பொண்ணுகிட்டப் போன்ல சொன்னா, "அவர்தான் எடுக்காதீங்கன்னு சொன்னாரே அப்பா"ங்கறா. பெத்த பொண்ணு. போனை வெச்சுட்டேன்.

ஆகையால் மாப்பிள்ளை, அந்த விளக்கை வயரோடு பிடுங்கி எறிந்துவிட்டேன். இனி வரும்போது வெறுங்கையோடு வாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதாக இருந்தால் வரவே வேண்டாம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், நிறைந்த செல்வத்தோடும், என் வண்டிக்கு எட்டாத தூரத்திலும் வாழ வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மெக்கானிக் வந்தார். ரிலேயைப் பிரிச்சுக் காட்டினார். உள்ளே ரெண்டு முனையும் உருகி ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கு. அதான் கரண்ட் நிக்காம ஓடி, பேட்டரியைக் குடிச்சு, பிளக்கையும் கருக்கிடுச்சாம். "வயர் இழுத்தது யாரு சார்? சுத்தமான வேலை. லைட் சரியாத்தான் சொல்லியிருக்கு. எங்கே அது?"ன்னு கேட்டார். உங்க அத்தை குப்பைக்கூடையைக் காட்டினா. மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சுடலாம்னு பார்த்தேன். அவ பிடுங்கி முழுக்கப் படிச்சுட்டு, "ஒரு எழுத்தைக் கூட அடிக்கக் கூடாது. இதைப் படிச்ச பிறகும் மாப்பிள்ளை இந்த வீட்டு வாசப்படி மிதிச்சார்னா அவர்தான் பெரிய மனுஷன்"னு சொல்லிட்டுப் பக்கத்துலேயே நிக்கறா. முடிஞ்சா வாங்க மாப்பிள்ளை. எனக்கும் இப்போ காலையில போக இடமில்லை. ரெண்டு நாள் சேர்ந்து இருக்கலாம்.